குளியலறைப் புதுப்பிப்பு: டைல்ஸ் ஒட்டும் முன் மின் இணைப்பையும் துண்டிப்பு சுவிட்சுகளையும் திட்டமிடுவது எப்படி

குளியலறையைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் வீட்டில் டைல்ஸின் நிறம், ஷவர், வாஷ்பேசின் ஆகியவற்றைப் பற்றியே பேச்சு நடக்கிறது. பிளம்பர் சுவரை உடைத்துக் குழாய் பதித்து, கொத்தனார் பூச்சை முடிக்கப்போகும் நேரத்தில்தான் எலக்ட்ரீசியனுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அவரும் மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு பெட்டியைப் பதித்து, பக்கத்து அறையின் லைட் லைனிலிருந்து வயரை நீட்டிக் கீசருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். வீட்டிலேயே தண்ணீரும் மின்சாரமும் வெற்றுடம்பும் மிக நெருங்கி வரும் அறைக்கு இப்படித்தான் பல வீடுகளில் இணைப்பு அமைகிறது.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்தக் கருவி எங்கே வரும் என்பதற்கும் முன்பாக, ஒவ்வொரு கருவியையும் ஈரமில்லாத இடத்தில் நின்றுகொண்டு எந்த சுவிட்சால் முழுமையாகத் துண்டிப்பது என்ற கேள்விக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகள் பெரும்பாலும் அந்த விடையிலிருந்தே கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் 230 வோல்ட் இணைப்புள்ள ஒரு தனி வீடு அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. திட்டமிடுவது வீட்டுக்காரரின் வேலை; வயரில் கைவைப்பது தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்கம்பியாளரின் வேலை. இரண்டையும் கலக்க வேண்டாம்.

முதலில் பட்டியல், அடுத்து கணக்கு

ஒரு தாளில் குளியலறையின் தரைப்படத்தை வரைந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கும், ஷவர் எங்கே, ஜன்னல் அல்லது வென்டிலேட்டர் எங்கே என்று குறியுங்கள். பிறகு மின்சாரம் வேண்டியவற்றை எழுதுங்கள்: கூரை விளக்கு, கண்ணாடி விளக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர், இடமில்லாததால் குளியலறைக்குள் வைக்கப்படும் வாஷிங் மெஷின், ஷவருக்கான பிரஷர் பம்ப். இன்றைக்கு வாங்காவிட்டாலும் ஐந்து ஆண்டுக்குள் வரக்கூடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு பாயின்ட் கூட்டுவது மிகவும் செலவு பிடிக்கும் வேலை.

இந்தப் பட்டியலில் முக்கியமாகக் கணக்குப் பார்க்க வேண்டியது கீசர்தான். 2,000 வாட் ஸ்டோரேஜ் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். 3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியரும், 4,500 வாட் கீசர் 19.6 ஆம்பியரும் இழுக்கும். லைட் லைனுக்குப் போடப்படும் 1 அல்லது 1.5 சதுர மி.மீ. வயரில் இவற்றை ஓட்டக் கூடாது. எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டியிலிருந்து கீசருக்கென்றே தனி மின்சுற்று வர வேண்டும்; அதற்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டுவிட்டால், 2,000 வாட் கீசரைப் பின்னாளில் பெரியதாக மாற்றினாலும் சுவரைத் தொட வேண்டியிருக்காது. முதல் இரண்டு வகைக் கீசர்களுக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி. போதும். 4,500 வாட் கீசரை 16 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. அதற்கு 25 ஆம்பியர் எம்.சி.பி.யும், பிளக் இல்லாத நேரடி முனை இணைப்பும், அந்த ஓட்டத்தைத் தாங்கும், இரண்டு வயரையும் ஒருசேரத் துண்டிக்கும் இரட்டைத் துருவ சுவிட்சும் வேண்டும்.

புதிதாகக் கீசர் சேர்ப்பதால் வீட்டின் மொத்த மின்பளு கூடுகிறது. மின் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட பளு எவ்வளவு என்பதைப் பார்த்து, குறைவாக இருந்தால் மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பிப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டிய வேலை.

எது ஈரப் பகுதி?

ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேசத் தரநெறி குளியலறையை மண்டலங்களாகப் பிரிக்கிறது. தொட்டியின் உட்புறம் சுழிய மண்டலம். அதற்கு நேர்மேலே 2.25 மீட்டர் உயரம் வரை முதல் மண்டலம்; அங்கிருந்து பக்கவாட்டில் 60 செ.மீ. வரை இரண்டாம் மண்டலம். தடுப்பும் தொட்டியும் இல்லாத ஷவராக இருந்தால், சுவரில் உள்ள நீர்வாயிலிருந்து 1.2 மீட்டர் வரை முதல் மண்டலமாகவே கருதப்படுகிறது. இந்த அளவை நம் ஊரின் ஐந்துக்கு ஏழு அடிக் குளியலறையில் வைத்துப் பாருங்கள்: அறையில் பாதிக்கு மேல் முதல் மண்டலத்துக்குள் வந்துவிடும். வாளியும் குவளையும் வைத்துக் குளிப்பவர்களும், சுவர் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுபவர்களும் நாம். ஆகவே கண்ணாடித் தடுப்புப் போட்டு ஈரப் பகுதியையும் உலர் பகுதியையும் உண்மையாகவே பிரிக்காத குளியலறையில், கதவுக்கு உள்ளே ஏழு அடி உயரம் வரை எல்லாமே ஈரப் பகுதி என்று எடுத்துக்கொள்வதே நம் நிலைமைக்குப் பொருந்தும்.

அப்படி எடுத்துக்கொண்டால் விதிகள் எளிமையாகின்றன. சுவிட்ச் எதுவும் உள்ளே வேண்டாம். விளக்குகளுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் குறைந்தது ஐ.பி.எக்ஸ். 4 பாதுகாப்பு, அதாவது எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் உள்ளே போகாத அமைப்பு, இருக்க வேண்டும். ஹேண்ட் ஷவரின் பீச்சு நேராகப் படக்கூடிய இடமென்றால் ஐ.பி.எக்ஸ். 5 கேளுங்கள். கண்ணாடி விளக்கை உலோக உடல் உள்ளதாக வாங்கினால் அதற்கு எர்த் வயர் கட்டாயம். இரட்டைக் காப்புள்ள பிளாஸ்டிக் உடல் விளக்கு இந்த இடத்துக்கு இன்னும் நல்லது. ஷேவர், ஹேர் டிரையர் ஆகியவற்றுக்கென்று வாஷ்பேசின் அருகில் சாக்கெட் வைக்கும் பழக்கம் ஹோட்டல்களைப் பார்த்து வருகிறது. அங்கே ஷேவருக்கென்று வைக்கப்படுவது பெரும்பாலும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட சிறப்புச் சாக்கெட். சாதாரண ஐந்து முனைச் சாக்கெட்டை அந்த இடத்தில் வைப்பதைவிட, படுக்கையறைக் கண்ணாடி முன் நின்று முடி உலர்த்திக்கொள்வது மேல்.

வாஷிங் மெஷினுக்கு முடிந்தால் பால்கனியிலோ சர்வீஸ் பகுதியிலோ இடம் பாருங்கள். முடியாவிட்டால் அதன் சாக்கெட்டை ஷவருக்கு எதிர்ச் சுவரில், நீர்புகாத மூடியுடன், நெஞ்சளவுக்கு மேல் வைத்து, சுவிட்சைக் கதவுக்கு வெளியே கொண்டுவாருங்கள்.

துண்டிப்பு சுவிட்ச்: இரண்டு வயரும் விலக வேண்டும்

சாதாரண சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் வயரை மட்டும் துண்டிக்கிறது. அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் கருவியோடு இணைந்தபடியே இருக்கும். விளக்குக்கு இது போதும். கீசரைப் போலத் தண்ணீரில் மூழ்கிய எலிமென்ட் உள்ள கருவிக்குப் போதாது. இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

பழைய வீடுகளில் ஏதோ ஒரு பழுதுபார்ப்பின்போது ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருப்பது அரிதன்று. அப்போது ஒற்றைத் துருவ சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும். கீசர் அணைந்துவிடும், ஆனால் எலிமென்ட் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கும். அடுத்தது, தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மற்றக் கருவிகள் வழியாக நியூட்ரல் வயரிலேயே ஃபேஸின் அழுத்தம் ஏறிவிடும். சுவிட்ச் அணைந்திருந்தும் கீசருக்குள் மின்சாரம் எட்டியிருக்கும். மூன்றாவது காரணம் உயிராபத்து பற்றியதன்று, அன்றாடத் தொல்லை பற்றியது: எலிமென்ட் பழுதாகி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் தொடர்பு ஏற்பட்டால், கீசரின் ஒற்றைத் துருவ சுவிட்சை அணைத்து வைத்தாலும் வீட்டின் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) மீண்டும் மீண்டும் விழும். காரணம் புரியாமல் வீடு முழுக்க இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

இரட்டைத் துருவ சுவிட்ச் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே அழுத்தத்தில் துண்டிப்பதால் இந்த மூன்றும் தீர்ந்துவிடுகின்றன. கடையில் 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச் என்று கேட்டால் தருவார்கள். பட்டனில் கீசர் என்று அச்சிட்டு, சிவப்பு இண்டிகேட்டரோடு வருவதே நல்லது. ஏ.சி. ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள எம்.சி.பி.யைக் கொண்டு சமாளிப்பதாக யாராவது சொன்னால், அது ஒரு துருவமா இரு துருவமா என்று கேளுங்கள். ஒன்றை உறுதியாக நினைவில் கொள்ள வேண்டும்: பச்சை நிற எர்த் வயர் எந்த சுவிட்ச் வழியாகவும் போகக் கூடாது, எம்.சி.பி. பெட்டியின் எர்த் பட்டையிலிருந்து கீசரின் உடல் வரை அது இடையில் எங்கும் துண்டிக்கப்படாமல் வர வேண்டும்.

சுவிட்சின் இடம், கதவுக்கு வெளியே, தாழ்ப்பாள் இருக்கும் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து நான்கு முதல் நாலரை அடி உயரம். கதவு வெளிப்புறமாகத் திறப்பதாக இருந்தால், திறந்த கதவுக்குப் பின்னால் பலகை மறைந்துபோகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே சுவிட்ச் வைத்தால் குழந்தைகள் விளையாட்டாக விளக்கை அணைத்துவிடுகிறார்கள் என்று சிலர் உள்ளே வைக்கச் சொல்வதுண்டு. அதற்கு, அசைவை உணர்ந்து எரியும் விளக்கு ஒன்று தீர்வாகும். பிரிட்டனில் உள்ளதைப் போலக் கூரையிலிருந்து கயிறு தொங்கும் சுவிட்ச் நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை.

கீசரின் 16 ஆம்பியர் சாக்கெட் அறைக்குள்தான் வரும். அதைக் கீசரின் பக்கவாட்டில், ஏழு அடிக்கு மேல் வையுங்கள். தண்ணீர் நுழையும் குழாய், வெளிவரும் குழாய், அழுத்தம் விடும் வால்வு ஆகிய மூன்றுக்கும் நேர்கீழே சாக்கெட் அமையக் கூடாது. அந்த வால்வு சொட்டுவது பழுதன்று, அது தன் வேலையைச் செய்கிறது.

எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வென்டிலேட்டர் அருகே ஒரு இணைப்பும், வெளியே தனி சுவிட்சும் போதும். குளித்து முடித்த பிறகும் பத்து நிமிடம் ஓடினால்தான் ஈரம் வெளியேறும் என்பதால் விளக்கும் ஃபேனும் ஒரே சுவிட்சில் வேண்டாம். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் இருந்து, அதற்குள் மின் எலிமென்ட்டும் இருந்தால், குளியலறை வாசலில் ஒரு டி.பி. சுவிட்சும், மாடியில் ஹீட்டர் அருகிலேயே மழை புகாத பெட்டிக்குள் இன்னொன்றும் வேண்டும். மேலே வேலை செய்பவர் தன் கைக்கெட்டும் தூரத்தில் துண்டிக்க முடிய வேண்டும். கீழே யாரோ வெந்நீருக்காக சுவிட்சைப் போடுவது அவருக்குத் தெரியாது.

இன்வெர்ட்டர் லைன், மும்முனை இணைப்பு

நம் வீடுகளில் உள்ள இன்னொரு சிக்கல் இன்வெர்ட்டர். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டோம், இனி பயமில்லை என்று வேலை தொடங்கும் நேரத்தில், இன்வெர்ட்டர் அதை மின்தடை என்று எடுத்துக்கொண்டு பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டைக் கொடுக்கத் தொடங்கிவிடும். குளியலறை விளக்கு இன்வெர்ட்டர் லைனிலும், கீசர் நேரடி மெயின் லைனிலும் இருந்தால், ஒரே பலகையில் இரண்டு வெவ்வேறு மூலங்களிலிருந்து மின்சாரம் வருகிறது என்று பொருள். ஒன்றை அணைத்தால் மற்றது அணையாது.

ஆர்.சி.சி.பி.யும் இதே இடத்தில்தான் ஏமாற்றுகிறது. இன்வெர்ட்டர் லைனில் உள்ள விளக்கில் கசிவு ஏற்பட்டு மெயின் ஆர்.சி.சி.பி. விழுந்தாலும், இன்வெர்ட்டர் அதையும் மின்தடையாகவே எடுத்துக்கொண்டு, பழுதான அதே லைனுக்குப் பேட்டரி மின்சாரத்தை அனுப்பும். ஆகவே இன்வெர்ட்டரின் வெளிவழியில் தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அமைத்து, அந்த லைனின் நியூட்ரலையும் மற்ற லைன்களோடு சேராமல் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பேட்டரியில் ஓடும்போதும் அது விழுகிறதா என்று எலக்ட்ரீசியனையே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இவ்வளவு எதற்கு என்று தோன்றினால் வேறொரு வழி இருக்கிறது, நான் பரிந்துரைப்பதும் அதைத்தான்: குளியலறையை இன்வெர்ட்டரிலிருந்து முழுவதுமாக விலக்கிவிட்டு, மின்தடையில் தானே எரியும் சிறு பேட்டரி கொண்ட எல்.இ.டி. பல்பை விளக்காகப் போடுங்கள். நான்கு மணி நேர வெளிச்சத்துக்கு அது போதும், பலகையிலும் ஒரே மூலம் மிஞ்சும்.

மும்முனை (த்ரீ ஃபேஸ்) இணைப்புள்ள வீடுகளில், பளுவைப் பிரிப்பதாக எண்ணிக் கீசரை ஒரு முனையிலும் விளக்கை இன்னொரு முனையிலும் கொடுப்பார்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு முனைகள் சேர்ந்தால் அவற்றுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட் இருக்கும். ஒரு குளியலறைக்கு ஒரே முனை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பளுவைக் குளியலறைகளுக்கு இடையே பிரித்துக்கொள்ளலாம்.

ஆர்.சி.சி.பி. செய்வதும் செய்யாததும்

ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால், வித்தியாசம் எர்த் வழியாகவோ ஒரு மனித உடல் வழியாகவோ கசிகிறது என்று கொண்டு ஆர்.சி.சி.பி. துண்டிக்கிறது. உயிர்காப்புக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் வகை. 100, 300 என்று எழுதியவை தீ விபத்தைத் தடுக்கும் நோக்கிலானவை, குளியலறைக்கு உதவா. வயர் சூடாவதையோ ஷார்ட் சர்க்யூட்டையோ ஆர்.சி.சி.பி. கவனிக்காது, அதற்கு எம்.சி.பி. வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்யும் ஆர்.சி.பி.ஓ.வைக் கீசர் சுற்றுக்கு மட்டும் தனியாகப் போட்டால், கீசர் கசியும்போது கீசர் மட்டும் அணையும். குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை எந்த ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பழைய ஜி.ஐ. குழாயோடு போகும் எர்த்

முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்க்கக் கூடாது. அந்தக் காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள் மண்ணுக்குள் ஓடியதால் அவையே எர்த்தாக இருந்துவந்தன. சில இடங்களில் எலக்ட்ரீசியனே எர்த் வயரைக் குழாயில் சுற்றிவிட்டிருப்பார். புதுப்பிப்பில் பிளம்பர் அதை அகற்றி, மின்சாரம் கடத்தாத சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் போடும் அன்றே அந்த எர்த் மறைந்துவிடுகிறது. விளக்கு எரியும், கீசரும் சுடும், எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே எர்த் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பாருங்கள். வீட்டுக்கென்று முறையான எர்த் குழி இல்லாவிட்டால் அதைத் தோண்டுவதே முதல் செலவாகட்டும். பாதிக் குழாய் இரும்பாகவே நீடிப்பதானால், அதையும் குளியலறையில் உள்ள மற்ற நிலையான உலோகக் குழாய்களையும் 4 சதுர மி.மீ. செம்பு வயரால் எர்த்தோடு பிணைத்துவிடச் சொல்லுங்கள்.

வேலை நடக்கும் வரிசை

உடைக்கத் தொடங்கும் நாள் காலையில் குளியலறைக்குப் போகும் எல்லா லைன்களையும் எம்.சி.பி. பெட்டியிலேயே கழற்றிவிட வேண்டும். பழைய வீடென்றால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். சுவிட்சை அணைத்து வைப்பது போதாது, ஏனெனில் உடைக்கும் மெஷினின் உளி சுவிட்சுக்கு முந்தைய வயரையும் தொடக்கூடும். உடைக்கும் மெஷினுக்கு வேறு அறையிலிருந்து, ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் மின்சாரம் எடுக்கலாம்.

சுவர் வெறும் செங்கல்லாக நிற்கும்போது பிளம்பரும் எலக்ட்ரீசியனும் ஒரே நேரத்தில் வந்து சாக்பீஸால் குறிக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் மின் குழாயும் ஒரே காடியில் (சுவரில் வெட்டும் பள்ளத்தில்) போகக் கூடாது. மின் குழாய் கூரைப் பக்கமிருந்து நேர்செங்குத்தாக இறங்கட்டும். தரை வழியாக, அதிலும் தாழ்த்திய கான்கிரீட் தளத்தின் நிரப்புக்குள், மின் குழாயைக் கொண்டுபோகவே வேண்டாம், ஏனெனில் கசிவு ஏற்பட்டால் தண்ணீர் முதலில் தேங்குவது அங்கேதான். செங்குத்துக் குழாய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு: பின்னாளில் டவல் கம்பிக்கு டிரில் போடுபவர், பெட்டிக்கு நேர்மேலே துளைக்காதே என்ற ஒரே விதியோடு பிழைத்துக்கொள்வார். நாலரை அங்குலச் சுவரில் நீளமான படுக்கைக் காடி சுவரின் வலுவைக் குறைக்கும். காடிகளை அடைத்த பிறகே நீர்த்தடுப்புப் பூச்சு வர வேண்டும். பூச்சுக்குப் பின் வெட்டிய காடி அந்தப் பூச்சை வீணாக்கிவிடும்.

சாக்கெட் பெட்டியின் ஆழம் அடிக்கடி தவறிப்போகிறது. பூச்சு, ஒட்டும் பசை, டைல்ஸ் மூன்றும் சேர்ந்து செங்கல் முகத்திலிருந்து இரண்டு, இரண்டரை செ.மீ. வரை வெளியே வரும். பெட்டியின் விளிம்பு டைல்ஸின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டுமென்பதால், வாங்கிய டைல்ஸ் துண்டு ஒன்றை எலக்ட்ரீசியன் கையில் கொடுத்துவிடுவதே எளிய வழி. குழாய்க்குள் வயரில் ஒட்டு இருக்கக் கூடாது; டைல்ஸுக்குப் பின்னால் புதைந்த ஜங்ஷன் பெட்டியும் கூடாது. ஃபால்ஸ் சீலிங் வருவதானால், அதற்கு மேலுள்ள பெட்டிகளைத் திறக்க ஒரு கதவு விடச் சொல்லுங்கள்.

டைல்ஸுக்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை

வயர் இழுத்து முடித்து, கருவி எதையும் இணைக்காத நிலையில், 500 வோல்ட் மெக்கரால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே காப்புத்தடையை (மின்சாரம் கசியாமல் வயரின் உறை தடுக்கும் அளவை) அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் டைல்ஸ் வேலையைத் தொடங்க விடாதீர்கள். புதிய வயரில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். அன்றைக்கே ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை விரித்துப் பிடித்தபடி, கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். டைல்ஸ் முடிந்ததும் அதே அளவீட்டை மீண்டும் எடுக்க வேண்டும், ஏனெனில் இடையில் எத்தனையோ ஆணிகளும் திருகுகளும் இறங்கியிருக்கும்.

மின்சாரம் கொடுத்த பிறகு, கீசர் சாக்கெட்டில் ஃபேஸ் வலப்பக்கமும் நியூட்ரல் இடப்பக்கமும், மேலுள்ள பெரிய துளை எர்த்தாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை இதை அழுத்திப் பார்ப்பது வீட்டில் உள்ள யாரும் செய்யக்கூடிய வேலை. ஆனால் அந்தப் பொத்தான் கருவியின் உட்புறத்தை மட்டுமே சோதிக்கிறது, வீட்டின் எர்த்தை அன்று. எர்த் சரியா என்பதை எலக்ட்ரீசியன் எர்த் வழியின் தடையை அதற்கான கருவியால் அளந்துதான் சொல்ல முடியும்.

கடைசியாக டி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு, உள்ளே உள்ள சாக்கெட்டில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மின்னழுத்தம் எதுவும் மிஞ்சவில்லையா என்று மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள்; அதே சாக்கெட்டில், நியூட்ரல் துளைக்கும் எம்.சி.பி. பெட்டியின் நியூட்ரல் பட்டைக்கும் இடையே தொடர்பு விட்டுப்போயிருக்கிறதா என்பதை, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்த நிலையில் சோதிக்க வேண்டும். இண்டிகேட்டர் எரியாததையோ, திருப்புளி டெஸ்டர் மின்னாததையோ ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். டெஸ்டரே பழுதாக இருக்கலாம். அது முடிந்ததும் எம்.சி.பி. பெட்டியின் மூடியில் எந்த எம்.சி.பி. எந்தக் குளியலறைக்கு, எது இன்வெர்ட்டர் லைன் என்று அழியாத மையில் எழுதி, சுவர்ப் படங்களின் அச்சுப் பிரதி ஒன்றையும் அந்த மூடிக்குள்ளேயே மடித்து ஒட்டிவிட்டு எலக்ட்ரீசியனின் கணக்கைத் தீர்க்கலாம்.